ஆரணியின் கண்ணில் இல்லாத வளையம்

பஸ் ஆனையிறவைக் கடந்தபோது உப்பளத்து வெள்ளை வெயில் யன்னலால் அடித்தது. மடியிலிருந்த ஆரணி வீரிட்டு அழுது, என் நெஞ்சுக்குள் முகத்தைப் புதைத்தாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். பசியாக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர் கண்டாவளையில் எல்லோரும் அவளுடைய கண்களைப் புகழ்வார்கள். பெரிய, முழுக் கறுப்புக் கண்கள். நாவூறு படக்கூடாதென்று கன்னத்தில் பொட்டு வைப்பேன். அந்தக் கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடுவதைத் தடுப்பூசி போடப்போன அன்று மருத்துவமாதுதான் கண்டார். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் தந்தார்.

கண் மருத்துவர் நெடுநேரம் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கதிராளி (கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையம்) உருவாகவில்லை என்றார். வளையம் இல்லாததால் கண்மணி மட்டுமே தெரிந்தது; நாங்கள் அழகென்று சொன்ன கறுப்பு அதுதான். பஸ்ஸில் வெயில் பட்டு அவள் அழுததும் அதனால்தான்.

கணவரின் அக்கா வீட்டுக்கு வந்தார். வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று நான் மீன் வெட்டியதை நினைவூட்டினார். கோபமாக அல்ல, அழுதுகொண்டே சொன்னார். நான் நம்பினேன். என் கணவர் குளத்தில் மீன் பிடிப்பவர். ஆனாலும் அதன்பிறகு மீனைத் தொட என் கை கூசியது.

கொழும்பில் மரபணு (உடலை உருவாக்கும் கட்டளை) மருத்துவரைக் கண்டதும் அதைத்தான் முதலில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் வெட்டினதால இது வரேல்லை, அம்மா. கண்ணைக் கட்டச் சொல்லுற ஜீன் மீனுக்கும் இருக்கு, எங்களுக்கும் இருக்கு. கிட்டத்தட்ட ஒண்டுதான். அது பழுதானால் மீன் குஞ்சுக்கும் கண் ஒழுங்கா வராது. ஆருடைய பிழையும் இல்லை."

அழுதேன். ஆறுதல் அன்று மட்டுந்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, அந்த மரபணுவோடு பக்கத்திலிருந்த இன்னொன்றும் இல்லை என்றார். அது சிறுநீரகத்தை உருவாக்குவது. அதுவும் மீனுக்கும் எங்களுக்கும் பொதுவானதாம். அது குறைந்தால் சிறுநீரகத்தில் புற்றுநோய் வரலாம், வராமலும் விடலாம்.

"எப்ப தெரியும், டொக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஸ்கான் எடுப்பம். எட்டு வயது வரைக்கும் பாக்கவேணும்."

இதே முடிவைக் கேட்கப் போகும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன்: துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாதி காதில் ஏறாது.

ஏழாவது ஸ்கானில் மருத்துவரின் கை ஓரிடத்தில் நின்றது. அவர் எழும்பிப் போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். இருவரும் மெதுவாகக் கதைத்தார்கள். நான் ஆரணியின் காலைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். எனக்கு எல்லாமே கட்டியாகத் தெரிந்தது.

அது புற்றுநோயல்ல; கருக்கால மிச்சம் (பிறக்கமுன் சிறுநீரகமாக மாறியிருக்கவேண்டிய திசு, மாறாமல் நின்றது) என்றார்கள். கரைந்தும் போகலாம், கட்டியாகவும் மாறலாம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தார்கள். வளரவில்லை. கரையவுமில்லை.

ஆரணிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஓடுகிறாள். என் வயிற்றுக்குள் முடிந்திருக்கவேண்டிய வேலையொன்று அவளுக்குள் இன்னும் முடியாமல் கிடக்கிறது. குளிக்க வார்க்கும்போது என் கை தானாக அவளுடைய விலாவுக்குப் போகும். அழுத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அழுத்துவதில்லை. வைத்துக்கொண்டு நிற்பேன். பிள்ளை இன்னும் பிறந்து முடியவில்லை என்றே என் உடல் நினைக்கிறது.