திரும்பிப் போன மூன்று கடிதங்கள்

இரண்டாயிரத்து ஆறில் மெல்பேர்னில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் நாற்பது பெட்டிகள் வந்து இறங்கின. உலகப் போருக்குப் பின் வந்த சில பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் போன, விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களில் ஒருவருடைய கடதாசிகள் அவை. அவர் இறந்த பிறகு மகள் கொடுத்திருந்தார். பட்டியல் போடும் வேலை எனக்கு என்றதும் முகம் கறுத்துவிட்டது. இருபது வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனுசி அவர்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் அக்காவின் வீடு எரிந்தது. அத்தான் சவூதியில். அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். நான் இங்கே மாணவன். அக்காவை இங்கே எடுக்க உதவும்படி எங்கள் தொகுதி உறுப்பினரான இந்த அம்மாவுக்கு எழுதினேன். அக்காவின் விசா விண்ணப்பத்தின் பிரதி, என் பாஸ்போர்ட் பிரதி எல்லாம் வைத்தேன். பதில் வரவில்லை. வெள்ளைக்காரிக்கு எங்கள் கண்ணீர் எங்கே விளங்கப்போகிறது என்று ரோசத்தோடு இருந்துவிட்டேன்.

அக்கா மூன்று வருடம் அந்த அறையில் கிடந்து, பிறகு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்து, எங்கெங்கோ அலைந்து கனடா போய்ச் சேர்ந்தார். நான் எழுதினேன் என்பதை அவர் ஒருநாளும் நம்பவில்லை. "சும்மா சொல்லாதை. நீ எழுதியிருக்க மாட்டாய்" என்பார். பிறகு எங்கள் பேச்சு வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் என்று சுருங்கிவிட்டது.

அந்த அம்மா எதையும் எறியாத பிறவி. வேலிச் சண்டை, விதவை ஒருவரின் பென்ஷன், குரைக்கிற நாய் என்று ஊரார் எழுதிய கடிதமெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் குறிப்பு: யாரிடம் பேசினார், என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது கேட்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என்னை அறியாமலே அவரைப் பிடித்துப்போயிற்று.

பத்தொன்பதாவது பெட்டியில் என் கடிதம் இருந்தது. அதோடு மூன்று கடித உறைகள் பின் குத்தி இணைக்கப்பட்டிருந்தன. மூன்றும் எங்கள் பழைய வீட்டு முகவரிக்குப் போய்த் திரும்பியவை. 'இந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை' என்று ஆங்கிலத்தில், என் அறைத்தோழனின் உருண்டைக் கையெழுத்து.

பாஸ்போர்ட்டில் கடைசியாக இருந்த அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயர் என்று எண்ணி, என் பெயரை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் 'மிஸ்டர்' மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டில் நாங்கள் ஆறு பெடியங்கள். ஒருவனின் அப்பா பெயர் மற்றவனுக்கு எங்கே தெரியும்? பழைய குடித்தனக்காரருக்கும் கடிதங்கள் வந்தபடி இருந்தன. தெரியாத பெயருக்கு வந்தால் திருப்பி அனுப்புங்கோ என்று வீட்டில் சட்டம் போட்டவன் நான்தான்.

மூன்றாவது உறையைத் திறந்தேன். 'எந்த வெள்ளிக்கிழமையும் அலுவலகத்துக்கு வாருங்கள். அமைச்சரிடம் நானே உங்கள் சகோதரிக்காகப் பேசுகிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அழுதேன்.

இரண்டு கிழமையாக, பதினாலு நாளும், இதை அக்காவிடம் மறைத்துவைத்திருந்தேன். மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது, நான் எழுதியது உண்மை என்று இனியாவது நம்புவார் என்று.

அக்கா கேட்டார்: "அவ எத்தினை தரம் எழுதினவ?"

"மூண்டு தரம், அக்கா."

"எங்களை ஆரெண்டே தெரியாத மனுசி மூண்டு தரம் எழுதியிருக்கிறா," என்றார் அக்கா. "நீ ஒருக்காத்தானே எழுதினனீ."