மாப்பிள்ளையின் மொபெட்டும் என் வயிறும்

இப்போது நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் கையில் நாடித்துடிப்பைச் சொல்லும் கடிகாரம் கட்டிக்கொள்கிறார்கள். தொண்ணூறுகளில் எனக்கு வாய்த்தது ஒரு மொபெட். அதன் புகையைக் குடித்துக்கொண்டுதான் ஓடிப் பழகினேன். ஓட்டியவர் என் மனைவியின் தம்பி. எனக்கு மாப்பிள்ளை முறை.

எனக்குப் பெருங்குடலில் புண். மருந்து தின்றால் அடங்கும், தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்கும் கக்கூசுக்கும் இடையில்தான் என் உலகம். பஸ் ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கெல்லாம் மனைவி தனியாகப் போய்வந்தாள். காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். நடை எப்படியோ ஓட்டமாயிற்று. கம்பெனி நண்பர்கள் சிலர் தாராபுரம் வரைக்கும், மாரத்தானைவிட அதிகத் தூரம், ஓடப்போவதாகச் சொன்னபோது நானும் வருகிறேன் என்றேன். வயிற்றைக் கேட்காமல் வாய் கொடுத்த வாக்கு அது.

ஞாயிறுதோறும் குன்னத்தூர் சாலையில் பயிற்சி. மாப்பிள்ளை முன்னால் போய் வழியோர வீடுகளில் சொல்லி வைப்பார்.

"ஏனுங்க, எங்க மாமாவுக்கு வவுறு செரியில்லீங்க. ஓடி வந்துட்டு இருக்கறாரு. கொஞ்சம் உங்க கக்கூஸ்ல..."

"வவுறு செரியில்லீன்னா எதுக்குங்க ஓடறாரு?"

"அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்."

யாரும் மறுத்ததில்லை. வெளியே வந்த பிறகுதான் சிக்கல். வந்தவரை ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. "ஒரு வாய் மோராச்சும் குடிச்சுட்டுப் போங்க" என்று சொம்பு நீளும். மறுக்க வாய் வராது. அந்த வீட்டு மோர் என்னை அடுத்த வீட்டுக் கக்கூசில் கொண்டுபோய் விடும். அங்கே காப்பி. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: நான் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவேன், என் பங்கை மாப்பிள்ளை குடிப்பார். பயிற்சியில் நான் இளைத்தேன்; அவருக்குத் தொப்பை விழுந்தது.

தாராபுரம் ஓடும் அந்த நாளும் வந்தது. பாதி வழி தாண்டியதும், கண்ணுக்கெட்டிய தூரம் வீடே இல்லாத பொட்டல் காட்டில், வயிறு முந்திக்கொண்டது. மறைவு தேடுவதற்குள் கால்சட்டை கெட்டுவிட்டது. வேலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"போதுங்க மாப்ள. ஊட்டுக்குப் போயர்லாம்." இனி வாசலைத் தாண்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அவர் மொபெட்டை ஸ்டாண்டில் போட்டார். தண்ணீர்க் கேனை என் பக்கத்தில் வைத்தார். மொபெட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு கட்டு ஜட்டியை எடுத்தார். எல்லாம் தையல் கோணல் என்று கம்பெனியில் கழித்த எக்ஸ்போர்ட் சரக்கு.

"ஜெர்மனிக்காரன் வேண்டாம்னதுங்க மாமா. கழுவீட்டு மாத்துங்க. திருப்பூர்ல இருந்துட்டு ஜட்டிக்குப் பயந்து ஓட்டத்த நிப்பாட்டறதுங்களா?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓடினேன், நடந்தேன், இன்னும் இரண்டு ஜெர்மன் ஜட்டிகளைச் செலவழித்தேன். தாராபுரம் சேர்ந்தபோது மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை மொபெட்டின் பின்சீட்டைத் துடைத்தார். "ஏறுங்க மாமா."

"நீங்க போங்க மாப்ள. நான் பஸ்ல வர்றேன்."

மாப்பிள்ளை சீட்டைத் துடைப்பதை நிறுத்தினார். பிறகு பையிலிருந்து மிச்சமிருந்த ஜட்டிகளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

தீராத நோயோடு நான் இன்றும் ஊர் ஊராகப் போய்வருவது அன்று பஸ் ஏறிய தைரியத்தில்தான். மாப்பிள்ளையிடம் அதற்கு நன்றி என்று ஆரம்பித்தால், "மொதல்ல மோரு குடிங்க மாமா" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

அன்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கள் பஸ் கிளப்பிய புழுதிக்குள் அவர் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார்.