அப்பாவைச் சாமி என்று கூப்பிட்ட நாட்கள்

கார்த்திகைப் பனியில், விடியுமுன், மத்திகிரி வாடகை வீட்டின் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க அப்பா சொன்ன சரணம் இன்னும் என் காதில் இருக்கிறது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர் அவர். மிலிட்டரி கேன்டீனில் மாதாமாதம் வாங்கிவரும் ரம்மை வீட்டில் "கோட்டா" என்போம்; கோட்டா வந்த வாரமெல்லாம் நானும் அம்மாவும் பக்கத்து வீட்டில்தான் படுப்போம்.

எனக்குப் பதினோரு வயதில், யார் சொல்லிக் கேட்டாரோ, "கன்னிசாமி"யாக மாலை போட்டுக்கொண்டார். கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை, ஆனாலும் குடிக்கவில்லை. மாலை போட்டவரை முறை சொல்லிக் கூப்பிடக் கூடாதென்பதால் நானும் "சாமி" என்றேன். அந்தச் சாமி, "பாப்பா, சாப்ட்டியா?" என்று கேட்டார். அப்பா கேட்டதில்லை.

மலைக்குக் கிளம்ப எட்டு நாள் இருந்தபோது, சிங்காரப்பேட்டையிலிருந்து போன் வந்தது. கம்பெனிக்குள் செல்போன் கூடாதென்று அப்பா அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அம்மா கடைக்குப் போயிருந்ததால் நான் எடுத்தேன். பெரியப்பா போய்விட்டாராம். தாய் தகப்பனில்லாத தம்பியை வளர்த்து, பட்டாள ஆளெடுப்புக்குக் கூட்டிப்போய் நிறுத்தியவர். பிள்ளையில்லாதவர், கொள்ளி வைக்க அப்பாதான் போக வேண்டும். சாவு விழுந்தால் மாலையைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கழற்றினால் யார் திரும்பி வருவார் என்றும் தெரியும்.

"சாமி மலைக்குப் போயிட்டாருங்க" என்றேன்.

கடையிலிருந்து வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டாள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்றோம், அப்பா நம்பினார்.

மலையிலிருந்து திரும்பும் வழியில், அண்ணனுக்குப் பிரசாதம் கொடுக்க சிங்காரப்பேட்டையில் இறங்கியவர், பூமாலை போட்ட அவர் போட்டோவைத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "போனை எடுத்தது யாரு?" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "நான்தான்" என்றாள் அம்மா.

"தீட்டோட மலை ஏற வெச்சிட்டியே. பட்டாளத்துல என்னய நம்பித் துப்பாக்கி குடுத்தாங்க. நீ ஒரு சாவுச் சேதியக்கூட நம்பிச் சொல்லல."

பூசை எதுவுமில்லாமல் தானே மாலையைக் கழற்றினார். அதன்பின் அவர் குடிக்கவில்லை. கேன்டீன் கார்டு பீரோவிலேயே கிடந்தது. அப்படியானால் அன்றும் குடித்திருக்க மாட்டாரோ என்ற நினைப்புதான் என்னைத் தின்கிறது. மலைக்கும் போகவில்லை. அம்மாவிடம் சாகும்வரை பேசவில்லை. "சோறு போடச் சொல்லு" என்பதைக்கூட என்னிடம்தான் சொல்வார். உண்மையைச் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். எனக்கு அந்தப் பேச்சும் போய்விடுமோ என்ற பயம். நான் கோழை, வேறென்ன.

அப்பா போய் இரண்டு வருடம். தொட்டி இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. கம்பெனி பஸ்ஸுக்குக் கறுப்பு வேட்டியோடு நிற்பவர்களைப் பார்த்த அன்று, அம்மாவிடம் கேட்டேவிட்டேன், ஏன் பழியை ஏற்றாய் என்று.

"உங்கிட்டயாவது அவரு பேசட்டும்னுதான்" என்றாள்.