கற்பூரத்தை அமுக்கிய கை

தங்கராசு இறந்துவிட்டார் என்று நேற்றுக் காலையில் போன் வந்தது. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. "அப்பா எந்திரிக்கலீங்க" என்றான் அவர் மகன். நல்ல சாவு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கல்லூரிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் அவரும் நானும் அடுத்தடுத்த வண்டி. எங்களோடு ஷெட்டில் இருந்த உங்களுக்கு அவருடைய மூக்கைத் தெரியும். புது வண்டியானாலும் ஒரு சுற்று வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். நாம் செய்யாத கிண்டலா!

சில வருஷங்களுக்கு முன் என் மகள் கவிதாவுக்கு வளைகாப்பு முடிந்து, அவள் புகுந்த ஊரான கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்குக் காரில் அழைத்துவரக் கிளம்பினோம். அவள் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மருமகன் சாவியைத் திருகினார். செல்ஃப் அடித்தது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினார், மறுபடியும். வளையல் பூட்டிக் கிளம்பும் பெண்ணுக்கு வண்டி நின்றுபோவதா?

"கண்ணு பட்டுருச்சு!" என்று உள்ளே ஓடிய என் அக்கா, பூசணிக்காய் மேல் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றத் தொடங்கினாள். சந்தனமும் ஊதுபத்தியும் மணத்த அந்த வாசலில் வேறு வாடை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

பந்தியிலிருந்து எழுந்து வந்த தங்கராசு சட்டென்று நின்றார். மூக்கை உறிஞ்சினார். "மாப்பிள்ளைங்க, சாவிய உடுங்க! கவி, எறங்கு சாமி!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கினார்.

நல்ல காரியத்தில் நெருப்பை அணைத்துவிட்டாரே என்று அக்கா அழுதேவிட்டாள். அவர் பானட்டைத் திறந்து காட்டினார். பெட்ரோல் குழாயை எலி கடித்திருந்தது. சாவியைத் திருகத் திருக என்ஜின் மேலெல்லாம் பெட்ரோல் பீய்ச்சியிருக்கிறது. கீழே மண் நனைந்து கிடந்தது. அக்கா பூசணிக்காயோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செல்ஃப் அடிச்சும் பிடிக்கலீன்னா பெட்ரோலு எங்க போகுதுன்னு பாக்கோணும். அதுக்கு முன்னால சாவியத் தொடக்கூடாதுங்க" என்றார். அவர் கை கொப்பளித்திருந்தது.

நேற்று அவரைப் பார்க்கக் கிளம்பியபோது என் கார் முதல் திருகலில் பிடிக்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. இருந்தும் மறுபடி சாவியைத் தொடவில்லை. "எறங்கு சாமி" என்றேன், பின்சீட்டைப் பார்த்து.

"ஏனுங்க தாத்தா?" என்று கேட்டபடி இறங்கினான், அன்று கவிதாவின் வயிற்றில் இருந்தவன்.

தங்கராசு எனக்கு விட்டுப்போனது இந்தப் பயம். இருக்கிறவரை இதை வைத்துக்கொள்வேன்.