இதோ வந்துகொண்டிருக்கிறார்

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் நான் டீக்கடை வைத்திருந்தபோது, சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவர் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார். ஒட்ட வெட்டிய நரைமுடி, இஸ்திரி கலையாத சட்டை. வண்டியில் கட்டியிருந்த மைக்கை எடுத்து, "உங்கள் வேட்பாளர் இதோ வந்துகொண்டிருக்கிறார்!" என்று முழங்கினார். பிறகு மைக்கை வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய், அங்கிருந்து கைகூப்பியபடி அவரே நடந்து வந்தார். ஊருக்கு ஊர் இப்படித்தானாம்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான். டீயை நீட்டி, "இது வேட்பாளருக்கா, மைக் புடிக்கிற ஆளுக்காங்க?" என்றேன்.

"மைக்குக்காரனுக்கே குடுங்க. பாவம், காலைலேர்ந்து கத்திக்கினே இருக்கான்."

"கூட யாரும் வரலிங்களா?"

"நாலு பேரு வரேன்னாங்க." மலைப்பாதையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் பேசுனது கேட்டுச்சுங்களா?" என்றார்.

"நல்லா கேட்டுதுங்க."

அதற்கே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், வளைவுக்கு அப்பாலிருந்து அதே குரல் கேட்டது: "இதோ வந்துகொண்டிருக்கிறார்!" நான் கடையை விட்டு இறங்கி, அவர் வந்த வழியைப் பார்த்தேன், அந்த நாலு பேரில் ஒருவராவது வருகிறாரா என்று.