மௌனச் சாமியின் பெண்சாதி

செங்கம் ரோட்டு விடுதியில் அறை பெருக்கிப் போர்வை மாற்றும் கஸ்தூரிக்குச் சாமர்த்தியம் ஜாஸ்தி என்பார்கள். சாமர்த்தியமாம் சாமர்த்தியம்! புருஷன் சுப்பிரமணிக்கு மறதி நோய் வந்ததை ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாமல் மறைத்தாளே, அதைச் சொல்லுங்கள். வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் ஒருநாள் கட்டினவள் பேரையே மறந்து விழித்தான். தெருவுக்குத் தெரிந்தால் 'பைத்தியக்காரன் வீடு' என்பார்கள், மகள் நந்தினிக்கு வருகிற வரன் வாசலோடு திரும்பிவிடும். அந்தப் பயம்தான் அவளை ஆட்டி வைத்தது.

அதனால் கேட்டவர்களிடமெல்லாம், "எங்கூட்டுக்காரரு மௌன விரதம். நந்தினிக்கு நல்ல இடம் அமையணும்னு வேண்டுதல்" என்றாள். வேறெந்த ஊரில் இது செல்லும்? திருவண்ணாமலையில் பேசாமல் நடப்பவன் சாமி! காவி வேட்டிகூட அவளே வாங்கிக் கட்டிவிட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்மா. அக்கம்பக்கத்துல நாலு பேருக்காவது சொல்லி வைக்கலாம்" என்று நந்தினி அழுதாள்.

"நம்மூட்டு நாத்தம் நம்மோட இருக்கட்டும்டி" என்று கஸ்தூரி அடக்கிவிட்டாள்.

பௌர்ணமியன்று வேலை முடிந்து கஸ்தூரி வந்தபோது வீடு திறந்து கிடந்தது, சுப்பிரமணியைக் காணோம். கிரிவலப் பாதையில் ஜனம் நெரிந்தது. பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டபடி, அந்தப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலைக்கு ஓடினாள். அங்கே டீக்கடை ஆராயி அவளை நன்றாக அறிந்தவள்.

"பார்த்தேங்கா. காலையில இங்கதான் நின்னாரு. கண்ணு கலங்கி, என்னமோ கேக்கறாப்புல வாயத் தொறந்தாரு."

"இன்னா கேட்டாரு ஆராயி?"

"'எங்கூடு எங்க'ன்னு ஆரம்பிச்சாரு. ஐயையோ, பொண்ணுக்காக இருக்கிற விரதம் கெட்டுடப் போவுதேன்னு, 'பேசாத சாமி'ன்னு வாயப் பொத்திட்டேன். கால்ல வுழுந்து கும்புட்டேன். கூட்டத்தோட போயிட்டாரு."

ஆராயியை 'அடிப்பாவி' என்று வையக் கஸ்தூரிக்கு வாய் வரவில்லை. பாவி யாரென்றுதான் தெரிந்துவிட்டதே!

தலைமுடி அவிழ நடுப்பாதையில் போய் நின்றாள். "அவரு சாமி இல்லீங்க! எதுவும் ஞாபகம் இல்லாத மனுஷங்க! பார்த்தா கையப் புடிச்சு நிறுத்துங்க, பேச்சு குடுங்க!" என்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"அரோகரா!" என்றது கூட்டம். ஒரு பெரியவர் அவள் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, "அம்மன் எறங்கியிருக்கா, வழி வுடுங்க" என்றார். எல்லோரும் அவளைக் கும்பிட்டுக்கொண்டே ஒதுங்கி நடந்தார்கள்.