என் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் முதலில் அண்ணன்தான் ஏறி உட்காருவான். அப்பாவின் படகுக்கு மோட்டார் மாற்றியபோதும் அப்படித்தான், அம்மாவுக்கு ஸ்கூட்டி வாங்கியபோதும் அப்படித்தான். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இது உண்டு. மூத்த பையன் உட்கார்ந்து, சிலுவை போட்டு, ஒரு முறை முறுக்கிவிட்டு இறங்கினால் வண்டிக்கு நல்லதாம். என் டர்ட் பைக்குக்கு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றிய அன்றும் அவனே ஏறினான். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

பழைய ஃபோர்க் வெறும் பொம்மை. எண்ணூர் மணலில் இறங்கினால் முன் சக்கரம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். அதனால் விபத்தில் நொறுங்கிய பெரிய பைக் ஒன்றின் தடித்த, நீளமான ஃபோர்க்கைத் தேடிப் பிடித்தோம். மாட்டியவர் திருவொற்றியூரில் மெக்கானிக், அண்ணனின் தோஸ்து. அவர் அதைப் பிரித்துக் காட்டியபோது குனிந்து பார்த்தேன். ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், அந்த எண்ணெய் நுழைந்து போக ஊசித் துளைகள். இவ்வளவுதானா ஒரு பள்ளத்தை விழுங்குகிறது?

ஸ்பிரிங் ஓட்டுகிறவரின் எடைக்குப் பொருந்த வேண்டும். ஃபோர்க் குழாயில் கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி ஆளை உட்கார வைப்பார்கள். ஃபோர்க் அமுங்கும்போது டையைத் தள்ளிக்கொண்டு போகும். அது திரும்ப எழும்பினாலும் டை அங்கேயே நிற்கும். எவ்வளவு அமுங்கியது என்று அதை வைத்துத் தெரியும். அண்ணன் உட்கார்ந்தான், டை ரொம்பத் தூரம் போனது. இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டார்கள். அண்ணன் துறைமுகத்தில் கப்பல்மேல் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிறவன். என்னைவிட ஓர் அரிசி மூட்டை எடை அதிகம். அது அன்று யார் மண்டைக்கும் உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறே விழுந்தேன். ஒரு மணல் மேட்டில் முன் சக்கரம் முட்டியதும் ஹேண்டில் பார் கையை உதறிக்கொண்டு திரும்பியது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"இன்னொரு தபா வுயுந்தின்னா வண்டி வூட்ல இருக்காது, சொல்லிட்டேன்," என்றாள் அம்மா.

"உன் கைல வலு இல்லடி. இன்னா ஃபோர்க் போட்டு இன்னா பிரயோசனம்?" என்றான் அண்ணன்.

வண்டி போனால் அழுது தீர்த்துக்கொள்வேன். கையில் வலு இல்லை என்றால் என்ன செய்வது? மாவுக்கட்டைப் பார்த்துப் பார்த்து நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். அதுதான் பயமாக இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் வண்டியைத் துடைத்தேன். கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலையே பெட்டிகளில் எங்கே அடிபட்டிருக்கிறது, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பது. கண் தானாக அந்த கேபிள் டையிடம் போனது. பாதித் தூரத்தில் நின்றது. என்னைத் தூக்கி எறிந்த அடிக்குக்கூட ஃபோர்க் பாதிதான் அமுங்கியிருந்தது. மீதி வேலையை என் மணிக்கட்டு செய்திருக்கிறது.

மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஓட்டுறது நீ. குந்துனது அவன். நானும் பாத்துகினு நின்னேன் பாரு."

"இப்ப நான் குந்துறேண்ணா."

ஏறி உட்கார்ந்தேன். எதிர் டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது, பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு விரல்கடைகூட அமுங்கவில்லை. அவர் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லியதாக ஒன்றைப் போட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து எண்ணூருக்குப் போனேன். அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அதே மேட்டை நோக்கி விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். அடி வரவே இல்லை. கீழே சக்கரம் பேய் பிடித்ததுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஹேண்டில் பார் பரிமாறி வைத்த தட்டு மாதிரி ஆடாமல் இருந்தது. மேடு போனது, பள்ளம் போனது, மணல் வரிவரியாகப் போனது. என் கைகள் இரண்டையும் யாரோ அந்நியருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். தண்ணீர் ஓரம் வரை போய் நிறுத்தினேன். அந்தப் பக்கம் அத்திப்பட்டு மின்நிலையப் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கடல். எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலிக்கவில்லை. அழுகை வந்தது.

திரும்பி வந்ததும், "குடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்," என்றான் அண்ணன்.

கொடுத்தேன். மேட்டை ஏறி இறங்கியதும் ஃபோர்க் அடிவரை அமுங்கி 'டங்' என்றது. அண்ணன் மணலில் கிடந்தான். ஓடினேன். அடி ஒன்றுமில்லை. தாடியில் மண்ணோடு எழுந்து நேரே முன் சக்கரத்தைப் போய்ப் பார்த்தான்.

"ஸ்பிரிங் சரியில்லடி," என்றான்.

தன் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.